பச்சைத்தோல் பின்னல்: குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

பச்சைத்தோலில், அதாவது பதனிடாமல் காயவைத்த தோலில், ராத்திரி பின்னி முடித்துக் கட்டிவைத்தபோது எட்டு வாரும் ஒன்றோடொன்று ஒட்டி அழகாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். குதிரைச் சாமான் பின்னப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவருவதில் பாதி இந்தக் கேஸ்தான். மீதிப் பாதியையும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன். எப்படிப் பின்னுவது என்பது இங்கே கிடையாது. பின்னியது ஏன் கெட்டது என்பது மட்டும்.

நான் சொல்வது கலிபோர்னியா, நெவாடா பக்கத்தில் குதிரையேறி மாடு மேய்க்கும் வாக்கேரோக்களின் வழிச் சாமான்களை: வாயில் இரும்பு போடாமல் குதிரையைப் பழக்க உதவும் மூக்கு வளையமான பொசால், மாடு பிடிக்கும் ரியாட்டாக் கயிறு, கையில் பிடிக்கும் ரோமால் வார். அர்ஜென்டினாவின் குதிரையேறி மாடு மேய்ப்பவர்களான காவுச்சோக்களின் பின்னலுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். எல்லாமே வறண்ட ஊர்ச் சரக்கு. நான் பின்னுவதோ சென்னையில், மிருதங்கத்துக்கு வார் அறுப்பவரிடம் வாங்கும் எருமைத்தோலில். ஈரத்தோடு பட்ட பாடு அதனால் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒவ்வொரு குறைக்கும் காசில்லாத காரணத்தில் தொடங்கித் தோலையே தூக்கிப் போடவேண்டிய காரணம் வரை வரிசையாகப் போகிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். எடுத்தவுடன் புதுத்தோல் வாங்க ஓடவேண்டாம்.

## எந்தக் குறையானாலும் முதலில் பதம் பாருங்கள்

பாகுக்குப் பதம் உள்ளது போல் பச்சைத்தோலுக்கும் உண்டு. பின்னலில் தெரிகிற குறைகளில் பெரும்பாலானவை பின்ன உட்காரும் முன்பே, பதம் தப்பியதால் நடந்து முடிந்தவை.

வாரைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கவேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவேண்டும், நீர் கசியக்கூடாது. கூர்மையாக மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழக்கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் பதம் சரி.

துவண்டு வெளுத்துக் கிடந்தால் ஈரம் அதிகம். தேன் நிறத்தில் கண்ணாடி போல் விறைத்திருந்தால் காய்ந்துவிட்டது. காய்ந்ததை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தால் உள்வரை சீராகப் பரவும். வெளியே மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பின்ன ஆரம்பிப்பதுதான் அவசரக்காரர்களின் முதல் தப்பு. எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். நெவாடாப் பின்னல்காரர் சொல்லும் நேரக் கணக்கைச் சென்னை ஐப்பசியில் நம்பினால் கெட்டோம்.

## குறை 1: இழுக்கும்போதே வார் அறுகிறது

அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லும்.

முனை நொறுங்கினாற்போல் இருக்கிறது, பக்கத்தில் வெள்ளை விரிசல்கள். காய்ந்துபோன வார். மீண்டும் பதத்துக்குக் கொண்டுவந்து, சேணத்துக்குப் போடும் சோப்பை இலேசாகத் தடவுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகவேண்டும். சோப்பு இல்லாமல் இழுப்பவர்கள் வாரோடு சேர்த்து விரலையும் அறுத்துக்கொள்வார்கள்.

ஓரத்திலிருந்து சாய்வாகக் கிழிந்திருக்கிறது. கத்தி பட்ட வெட்டு. மீதி வாரின் இரு ஓரங்களிலும் கட்டைவிரல் நகத்தை ஓடவிடுங்கள். தட்டுகிற இடமெல்லாம் நாளைக்கு அறுகிற இடம். பிளேடு மழுங்கியிருக்கலாம், அல்லது சுருளாக வார் எடுத்த தோல்துண்டு வட்டமாக இல்லாமல் மூலையோடு இருந்திருக்கலாம். மூலையில் கத்தி திரும்பும்போது வார் முழங்கை மாதிரி மடங்கும், அங்கேதான் கிழியும். அறுக்கத் தொடங்கும் முன் துண்டை வட்டமாக்கிவிடுங்கள். கொஞ்சம் தோல் வீணாகத்தான் செய்யும்.

நீண்டு, மெலிந்து, பிறகு அறுந்தது. வயிறு அல்லது விலாப்புறத் தோல். அங்கே தோல் தளர்வு, இழுத்தால் நீளும். முதுகும் பின்புட்டமும்தான் இறுக்கமான பகுதி. பின்னும் முன் எல்லா வாரையும் ஒருமுறை பலமாக இழுத்துவிடுங்கள். நீள்கிறது அப்போதே நீளட்டும், அறுகிறது அப்போதே அறுந்து தொலையட்டும்.

ஓர் இரவு ஊறியும் இளகாத கண்ணாடிப் புள்ளிகள், அல்லது அழுகல் வாடை. முதலாவது, நல்ல வெயிலிலோ சூட்டிலோ அவசரமாகக் காயவைத்த தோல். இரண்டாவது, உரித்தபின் நேரத்தில் காயாத தோல். இரண்டுக்கும் வைத்தியம் கிடையாது. அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அறுந்ததை ஒட்டுவது எப்படி? பழைய முனையையும் புது முனையையும் சாய்வாகச் சீவி மெலிதாக்குங்கள். பழைய வாரின்மேல் புதுவாரை வைத்து, இரண்டும் ஒன்றாக மூன்று நான்கு குறுக்கீடுகள் போகட்டும். பிறகு பழையதை உள்ளே விட்டுவிட்டுப் புதியதோடு தொடருங்கள். இரண்டு ஒட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது.

பொசாலுக்கும் ரோமாலுக்கும் இது போதும். மாடு பிடிக்கும் ரியாட்டாவுக்குப் போதாது. நடுவில் ஒட்டுள்ள ரியாட்டாவை நான் சுவரில் மாட்டுவேனே தவிர, மாட்டுக் கொம்பில் மாட்டமாட்டேன். இழுவிசையில் அறுந்த கயிறு திரும்பி வந்து அடிப்பது முகத்தில்தான். ஆகவே ரியாட்டாவுக்கு முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நான்கு வார் ரியாட்டாவில் வாரின் நீளம் முடிந்த கயிற்றைவிட மூன்றில் ஒரு பங்காவது கூட வேண்டும். 60 அடிக் கயிற்றுக்கு 80 அடி வார். அதை 1 செ.மீ. அகலத்தில் ஒரே சுருளாக எடுக்க 56 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. கழிவுக்கும் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நான்கு வட்டம்.

## குறை 2: வார்களுக்கிடையே இடைவெளி, உள்தண்டு தெரிகிறது

எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி.

### பின்னும்போதே தெரிகிறது

இழுக்கும் கோணத்தைப் பாருங்கள். பின்னலுக்குள் நிற்கும் தண்டுக்கு ஏறக்குறைய 45 பாகையில் வார் படுக்கவேண்டும். நீளவாக்கில் நிமிர்ந்து ஓடினால் இடைவெளி விடும். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிறகு மேல்நோக்கித் தள்ளி அடைத்துக்கொண்டே வாருங்கள்.

கோணம் சரியென்றால், வார் அகலம் போதவில்லை. சோதனை எளிது: மொத்த வார்களில் பாதியை மட்டும் பக்கம் பக்கமாக வைத்து 45 பாகையில் தண்டைச் சுற்றுங்கள். எட்டு வார்ப் பின்னல் என்றால் நான்கு. தண்டு மூடி, முதல் வாரின் ஓரத்தைக் கடைசி வார் தொடவேண்டும். இடைவெளி விட்டால் குறுகல், மேலேறினால் அகலம் அதிகம்.

அறுக்கும் முன்பே எண் வேண்டுமென்றால் ஒரு கணக்கு. அதே தடிப்புள்ள வாரைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் வெளிச்சுற்றளவை எடுங்கள். அதை வார் எண்ணிக்கையில் பாதியாலும், பிறகு 1.4ஆலும் வகுங்கள். 12 மி.மீ. தண்டு, 1 மி.மீ. தடிப்பு வார் என்றால் வெளிச்சுற்று சுமார் 44 மி.மீ. எட்டு வாருக்கு ஏறக்குறைய 8 மி.மீ. அகலம், பன்னிரண்டுக்கு 5-க்குச் சற்று மேல், பதினாறுக்கு 4. கணக்கு ஆரம்பத்துக்கு மட்டும். முடிவு சொல்வது மேலே சொன்ன சுற்றுச் சோதனைதான்.

இங்கே ஒரு புலம்பல். பழகத் தொடங்கிய மூன்றாம் வாரமே பதினாறு வார் வேண்டும் என்கிறார்கள். படத்தில் லூயிஸ் ஓர்ட்டேகாவின் வேலையைப் பார்த்த மயக்கம். கலிபோர்னியாவின் அந்தப் பின்னல் மேதைக்கு 1986இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தபோது வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. நீங்கள் எட்டில் இருங்கள்.

### பின்னும்போது இல்லை, காய்ந்தபின் வந்தது

ஈரம் மிகுந்த வாரில் பின்னியிருக்கிறீர்கள். ஊறிய தோல் உப்பும். காயும்போது அகலத்திலும் தடிப்பிலும் சுருங்கும். அவிழ்க்க முடிந்தால் அவிழ்த்து, பதம் பார்த்து மறுபடி பின்னுங்கள். முடியாவிட்டால் அதை முதல் பின்னல் என்று பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

வார் பதத்தில்தான் இருந்தது என்கிறீர்களா? அப்படியானால் உள்தண்டு ஈரம். முறுக்கிய பச்சைத்தோல் தண்டு தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். சமையலறைத் தராசில் தினம் நிறுத்துப் பாருங்கள். நான்கைந்து நாள் எடை மாறாமல் நின்றால்தான் அது காய்ந்த தண்டு.

### ஓரங்கள் தூக்கி நிற்கின்றன, வரிவரியாக நிழல் விழுகிறது

அகலம் சரி, பதம் சரி, ஆனாலும் அடைக்கவில்லை. விளிம்பு சீவாத வார். இரு பக்கமும் கத்தியால் சாய்வாகச் சீவினால்தான் ஒரு வார் இன்னொன்றின் மேல் வழிந்து படியும். பின்னிய பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. மரச்சுத்தியால் தட்டினால் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான்.

## குறை 3: பின்னல் சுருண்டு முறுக்கிக்கொள்கிறது

வார்கள் குறுக்கிட்டு நடுவில் நேராக இறங்கவேண்டிய சடை தண்டைச் சுற்றி ஊர்ந்து போகும். ரியாட்டா என்றால் தரையில் போட்டவுடன் பாம்பு மாதிரி நெளியும்.

முதலில் தண்டில் பென்சிலால் நேர்கோடு போட்டுக்கொண்டு ஒரு சாண் பின்னிப் பாருங்கள். கோட்டைவிட்டுச் சடை எப்போதும் ஒரே பக்கம் விலகினால் உங்கள் ஒரு கை மற்றதைவிடப் பலமாக இழுக்கிறது. வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் வலப்பக்கம். பலமான கையைத் தளர்த்துங்கள், மெலிந்த கையை முறுக்கேற்ற முயலாதீர்கள். பத்து நிமிடத்தில் அது களைத்துவிடும்.

விலகல் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் நின்றால், அந்த இடத்தில் ஏதோ ஒரு வார் புரண்டிருக்கிறது. முடி இருந்த பக்கம் வெளியே, சதைப் பக்கம் உள்ளே என்பது கடைசிவரை மாறக்கூடாது. சதைப் பக்கம் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரியும். அதுவரை அவிழ்த்தாகவேண்டும்.

இரண்டும் இல்லையென்றால், மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். சுழலும் கொக்கியில் பின்னினால் ஒவ்வொரு இழுப்புக்கும் வேலை கொஞ்சம் திரும்பும். அந்தத் திருப்பம் பின்னலுக்குள் சிறைப்படும். எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது. ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிய நாளில் சரியாகிவிட்டது.

முடிந்துபோன பின்னலில் முறுக்கு இலேசாக இருந்தால், பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு பலகைகளுக்கிடையே முன்னும் பின்னும் உருட்டி, நேராக இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். ரியாட்டாவை இரண்டு கம்பங்களுக்கிடையே விறைப்பாகக் கட்டிச் சில நாள் விடுவது வழக்கம். அதற்கும் அடங்காத முறுக்கு, அடங்காது.

## குறை 4: மேடும் பள்ளமும்

கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே ஓடவிடுங்கள். மேடு ஒரே இடத்தில் என்றால் ஒட்டுகள் குவிந்திருக்கின்றன. பின்னல் போகப் போக மெலிந்தால் வார்கள் கடைசியில் குறுகியிருக்கின்றன, வெர்னியரில் இரு முனையையும் அளந்தால் தெரிந்துவிடும். அங்கங்கே அலையலையாக இருந்தால் வாரின் தடிப்பு சீராக இல்லை. இதுதான் செலவு வைக்கும் குறை. கையால் சீவிச் சீராக்குவது என்னால் ஆனதில்லை. வாரை ஒரே தடிப்பாகச் சீவித்தரும் கருவி வாங்கவேண்டும், அல்லது தோல்பை செய்பவர்களிடம் கொடுத்துச் சீவி வாங்கலாம்.

## குறை 5: வரிசை தவறிவிட்டது, எது எங்கே போகவேண்டும் என்றே தெரியவில்லை

ஃபோனைக் கீழே வையுங்கள். பாதிக் காரணம் அதுதான்.

வார்களை இடம் வலமாகப் பிரியுங்கள். எட்டு வார் என்றால் நாலுக்கு நாலு. ஐந்துக்கு மூன்று என்றால் கடைசியாகப் போன வார் சேரவேண்டிய பக்கம் வரவில்லை, அதை ஒன்று பின்வாங்கினால் போதும். நாலுக்கு நாலு இருந்தும் முறை குழம்பினால், ஒவ்வொரு பக்கத்திலும் மிக மேலே இருக்கும் வாரைத் தேடுங்கள். இரண்டில் எது இன்னும் மேலே தொங்குகிறதோ அதன் முறை அடுத்தது.

பின்னியபின் கண்ணில் பட்ட தவறு என்றால், அதைக் கடந்து எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் அவிழ்க்கத்தான் வேண்டும். பொத்தான் முடிச்சுப் போட்டு மறைக்கலாம் என்று தோன்றும். மேலே முடிச்சு, கீழே பலவீனம்.

பழகும் காலத்தில் ஒரு வாருக்கு மட்டும் சாயம் போட்டுக்கொண்டால் நிறவரி தடம்புரளும் இடம் உடனே தெரியும்.

## குறை 6: பொத்தான் முடிச்சு நழுவுகிறது

பொசாலின் மூக்குப் பகுதியிலும் பக்கங்களிலும் அடிக்குமிழிலும் போடும் பின்னல் குமிழ்களைச் சொல்கிறேன். கையால் திருகிப் பாருங்கள்.

சுற்றிச் சுழல்கிறது, ஆனால் மேல்கீழாக நகரவில்லை என்றால் கடைசி இறுக்கல் போதவில்லை. மழுங்கிய முனையுள்ள குத்தூசியால் ஆரம்ப முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாகத் தளர்வைக் கடைசி முனைக்குக் கடத்துங்கள். ஒரே தடவையில் இழுக்காமல் மூன்று தடவையாக.

நீளவாக்கில் நழுவினால், அடியில் மேடு கட்டவில்லை. குமிழுக்குக் கீழே மெல்லிய தோலோ மெழுகு நூலோ சுற்றி, நடு உப்பி இரு முனையும் சரிந்த வடிவம் கொடுத்திருக்கவேண்டும். வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. பசை ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பசை விட்ட பிறகு வேலை எங்களிடம்தான் வருகிறது.

போட்டபோது கெட்டியாக இருந்தது, மாதம் கழித்துத் தளர்ந்தது என்றால் குறை 2-க்குத் திரும்புங்கள். ஈரத் தண்டு.

## குறை 7: பொசால் வடிவம் நிற்கவில்லை, அல்லது குதிரையின் தாடை புண்ணாகிறது

புண் என்றால் மற்றதெல்லாம் அப்புறம். பொசாலைக் கழற்றுங்கள். தோல் உரிந்து, வீங்கி, சீழ் கண்டிருந்தாலோ, தொட்டவுடன் தலையை இழுத்துக்கொண்டாலோ, தீனி மெல்லத் தயங்கினாலோ கால்நடை மருத்துவர் வரவேண்டும். ஆறும்வரை எந்த வளையமும் போடக்கூடாது.

பிறகு காரணம் தேடலாம். பெரும்பாலும் போட்ட இடம்தான் தப்பு: மூக்கெலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் மெத்தென்ற இடத்துக்கு இறங்கியிருக்கும். எலும்பின்மேல் உட்காரும்படி மேலே ஏற்றுங்கள். அடுத்தது சுற்று இறுக்கம். கையில் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்தியவுடன் அடிக்குமிழ் தாடையைவிட்டு விலகித் தொங்கவேண்டும். தொங்கவில்லையென்றால் குதிரைக்கு விடுதலையே இல்லை. விடாமல் அழுத்தும் வளையத்தில் அது என்ன கற்கும்?

இடம் சரி, சுற்று சரி, கன்னத் தண்டுகள் மட்டும் உள்நோக்கி அமுக்குகின்றன என்றால் வடிவம். ஒரு காந்தத்தை எடுத்துத் தண்டில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே எஃகுக் கம்பிவடம். எத்தனை வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் துள்ளித் திரும்பும், அதனோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பச்சைத்தோல் தண்டு. அதை இலேசாக நனைத்து, குதிரையின் மூக்கு அகலத்துக்குச் செதுக்கிய கட்டையில் கட்டி, நிழலில் ஒரு வாரம் விட்டால் வடிவம் நிற்கும்.

தடிமனும் பாருங்கள். பழகத் தொடங்கும் குதிரைக்கு முக்கால் அங்குலம், பழகப் பழக 5/8, 1/2, கடிவாளத்துக்கு அடியில் போடுவதென்றால் 3/8 என்று மெலிந்துகொண்டே போவது வாக்கேரோ வழக்கம்.

உள்தண்டே ஒடிந்து ஓரிடத்தில் கீல் மாதிரி மடங்குகிறதா? முழுநேரப் பின்னல்காரரிடம் கொடுங்கள். தண்டை மாற்றுவது என்றால் எல்லாக் குமிழையும் எடுத்து மறுபடி பின்னுவதுதான், அநேகமாகப் புதிது வாங்கச் சொல்வார்.

## குறை 8: ரியாட்டா விறைத்துவிட்டது, அல்லது துவண்டுவிட்டது

விறைப்புக்குக் கொழுப்பு. மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் இளஞ்சூட்டில் உருக்கிக் கலந்து, துணியால் தேய்த்து, உபரியைத் துடைத்துவிடுங்கள். பழைய வாக்கேரோக்கள் மாட்டின் பச்சை ஈரலையே தேய்த்தார்கள். அபார்ட்மென்ட் வாசிகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. காவுச்சோக்கள் வேறு வழி: மொர்தாசா என்ற வெட்டுவாய் வைத்த கட்டையில் தோலைப் பின்னும் முன்பே உருவி உருவி இளக்கிவிடுவார்கள்.

துவண்டுபோனால் எண்ணெய் அதிகம் குடித்திருக்கிறது. பதனிட்ட தோலுக்குப் போடும் திரவ எண்ணெய்களைப் பச்சைத்தோலில் ஊற்றாதீர்கள். காற்றோட்டமான நிழலில் சில வாரம் தொங்கவிட்டுப் பார்க்கலாம். போன விறைப்பு முழுதாகத் திரும்பி நான் பார்த்ததில்லை.

வேலை செய்யும்போது ஒரு வார் மட்டும் அறுந்தால், அந்த நாளோடு அந்தக் கயிற்றின் வேலை முடிந்தது. இன்னொன்று: சேணத்தின் முன்னால் துருத்தி நிற்கும் கொம்பில் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டுவது டெக்சாஸ் வழக்கம். கலிபோர்னியாவில் கொம்பைச் சுற்றிவிட்டு வழுக்கவிடுவார்கள். ரியாட்டா அந்த வழுக்கலை நம்பிச் செய்யப்பட்ட கயிறு. முடிச்சுப் போட்டு இழுத்து அறுத்துவிட்டுப் பின்னல்காரரிடம் சண்டைக்கு வராதீர்கள்.

## குறை 9: வாடை, பூசணம், பொடி

பூசணத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். ஊறவைத்த நீரைத் தினம் மாற்றியும் வாடை போகவில்லையென்றால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது. அடியில் பொடி உதிர்ந்து, சிறுசிறு துளைகள் தெரிந்தால் தோல்வண்டு. அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, உறையிட்டு ஃப்ரீசரில் ஓரிரு வாரம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பாருங்கள். துளை வாரின் குறுக்கே போயிருந்தால் குதிரைக்குப் போடக்கூடாது.

ஓரங்கள் கடித்தாற்போல் இருந்தால் அது எலி. நுனியே காணோம் என்றால் வீட்டு நாய்: கடையில் விற்கும் அதன் கடி எலும்பும் இதே பச்சைத்தோல்தான். ஆறடிக்கு மேல் ஆணி அடித்து மாட்டுங்கள்.